கதை ரூமில் கணக்குப் பார்க்கிற ஆள்

3 ஜூன் 2023 – வாசகர் கேள்வி

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கிறோம். அதில் ஒருத்தர் மென்பொருள் டெஸ்டிங் வேலையில் இருக்கிறவர். யாராவது ஒரு காட்சி சொல்ல ஆரம்பித்தால் உடனே, "அப்போ மணி என்ன? அவன் எப்படி வந்தான், பஸ்ஸிலா? சட்டையை எப்போ மாத்தினான்?" என்று கேட்பார். சொல்கிறவருக்கு வேகம் போய்விடுகிறது. மற்றவர்கள் அவரைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். இந்த மாதிரி ஆட்களுக்குக் கதை வேலையில் இடம் இருக்கிறதா, இல்லையா?

3 ஜூன் 2023, இரவு 11.40

கழற்றிவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் நாளைக்கு.

நீங்கள் சொல்கிற ஆளாகத்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். பி.காம் முடித்து, தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் வவுச்சர் பார்த்துவிட்டு, 2007-இல் உதவி இயக்குநராகச் சேர்ந்தேன். ஐந்து உதவியாளர்களில் ஐந்தாவது ஆள். மற்ற நாலு பேருக்கும் கதை சொல்ல வரும், இரண்டு பேர் நன்றாகப் பாட்டெழுதுவார்கள். எனக்கு இரண்டு பட்டியல் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தெரியும். இயக்குநர் என்னை "ஆடிட்டரே" என்றுதான் கூப்பிடுவார். வழக்கமாகப் புதுசாக வருகிறவன் கையில் கிளாப் போர்டைக் கொடுப்பார்கள். எனக்கு இரண்டாவது வாரமே கண்டினியூட்டி நோட்டைக் கொடுத்துவிட்டார்கள், ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிற நோட்டு. பதினாறு வருடமாக அந்த நோட்டைச் சுற்றித்தான் என் பிழைப்பு.

4 ஜூன் 2023

கண்டினியூட்டி என்றால் சட்டைக் கலர் பார்க்கிற வேலை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு காட்சி.

கூடம். அப்பா ஊஞ்சலில், மகள் தரையில். அம்மா டபரா டம்ளரில் காபி கொண்டுவந்து வைக்கிறாள். மூன்று நிமிடக் காட்சி, பதினொரு ஷாட். முதல் ஷாட்டில் டம்ளர் நிறைய நுரையோடு இருக்கிறது. நான்காவது ஷாட்டில் அப்பா ஒரு வாய் குடித்திருக்கிறார். எட்டாவது ஷாட் மகளின் குளோசப், ஆனால் ஓரத்தில் டம்ளரின் விளிம்பு தெரிகிறது. லைட்டிங் வசதிக்காக இவற்றை வரிசையாக எடுக்க மாட்டார்கள். அப்பா பக்கம் லைட் வைத்தால் அப்பா ஷாட்டெல்லாம் ஒரே மூச்சில், பிறகு லைட்டைத் திருப்பி மகள் பக்கம். ஆக 1, 4, 7, 10 முடிந்து, சாப்பாட்டு இடைவேளை கழிந்து, 2, 5, 8 வரும். காலையில் போட்ட நுரை மதியம் இருக்காது. டம்ளர் எந்தக் கையில், எந்த வசனத்தில் தூக்கினார், எந்த வார்த்தையில் கீழே வைத்தார், காபி எத்தனை விரல் கடை குறைந்திருந்தது, எல்லாம் நோட்டில் ஏறியாக வேண்டும். "விரல் கடை" என்ற அளவை ஆர்ட் டிபார்ட்மென்ட் அண்ணன் ஒருவர் கற்றுக்கொடுத்தார். டம்ளருக்கு வெளியே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு விரக்கடை, எழுதிக்க தம்பி" என்பார்.

இதில் படைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அந்த அப்பாவாக நடித்த பெரியவர் டம்ளரைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்காமல் நடித்தார். டேக் முடிந்ததும் என்னைப் பார்ப்பார். நான் "வலது கை, 'போயிட்டு வா'ன்றப்ப வெச்சீங்க சார்" என்பேன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. அவர் சுமக்க வேண்டிய ஒரு பாரத்தை நான் சுமந்தேன், அவர் கை சும்மா இருந்தது.

5 ஜூன் 2023

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "ஷூட்டிங் ஸ்பாட் சரி, எங்கள் பிரச்சினை கதை டிஸ்கஷனில்." அதற்கு வருகிறேன்.

சென்னை சாலிகிராமத்தில் மாடி ரூம். பாய் விரித்து எட்டுப் பேர். கோ-டைரக்டர் கிராமத்துக் குடும்பக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வருகிறார். வளைகாப்புக் காட்சி. மனுஷன் கண் கலங்கச் சொல்வார், அந்த வளையல் சத்தம் காதில் விழும். எல்லாரும் அதில் மூழ்கியிருக்கும்போது நான் வாயைத் திறந்தேன்.

"சார், கல்யாணம் ஆவணிக் கடைசியில. வளைகாப்பு தையில வருது. ஏழாம் மாசம்னு வசனம் இருக்கு. கணக்குக்கு அஞ்சுதான் ஆகுது."

ரூம் அப்படியே அணைந்தது. கோ-டைரக்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். வசனகர்த்தா, "ஏம்ப்பா, தையைப் பங்குனின்னு மாத்தினா முடிஞ்சுது" என்றார். அதுதான் நியாயமான திருத்தம், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

இயக்குநர் மட்டும் ஒன்றும் பேசாமல் இருந்தார். இரண்டு டீ முடிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஆடிட்டருக்கே தெரியுதுன்னா மாமியாருக்குத் தெரியாதா? அவ எண்ணியிருப்பாளே?"

அங்கேயிருந்துதான் கதை திரும்பியது. பெண் கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பம். மாமியாருக்குச் சந்தேகம், ஆனால் வாய் திறக்கவில்லை. வளைகாப்பில் மருமகள் கையில் ஒவ்வொரு வளையலாகப் போடும்போது, மாமியாருடைய இன்னொரு கையின் கட்டைவிரல் விரல் கணுக்களில் நகர்கிறது. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. தையில் வந்து நிற்கிறது. அடுத்த வளையலைப் போடுகிறாள். முகத்தில் ஒன்றும் இல்லை. வசனமே கிடையாது.

அந்தப் படம் பாதியில் நின்றுவிட்டது. அந்தக் காட்சி எழுத்தில் என்னிடம் இருக்கிறது. பதினாறு வருடத்தில் நான் உட்கார்ந்திருந்த ரூம்களில் பிறந்த காட்சிகளில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். நான் கண்டுபிடித்தது பிழையை மட்டும்தான். பிழைக்குள் ஒரு மாமியார் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார்.

6 ஜூன் 2023, காலை

பின்னூட்டத்தில் ஒருவர் கணக்கைத் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வதும் சரி. கல்யாணம் ஆவணிக் கடைசி என்றால் சிலர் ஆவணியையும் சேர்த்து எண்ணுவார்கள், அப்போது தை ஆறாகும். நான் புரட்டாசியிலிருந்து எண்ணினேன். மாமியார் எப்படி எண்ணுவாள் என்றால் ஆவணியிலிருந்துதான், சந்தேகத்தின் பலனை மருமகளுக்குக் கொடுத்து. அப்படிக் கொடுத்தும் ஏழு வரவில்லை என்பதுதான் அவளுக்கு வலி. நேற்று எழுதியதைவிட இது இன்னும் கூர்மையாக இருக்கிறது, நன்றி. சில ஊர்களில் ஐந்தாம் மாதமே வளைகாப்பு செய்வதும் உண்டு. எங்கள் கதையில் ஏழாம் மாதம் என்று வாய்விட்டே சொல்லியிருந்தார்கள்.

6 ஜூன் 2023, இரவு

மேலே எழுதியதைப் படித்தால் நான் குறுக்கே பேசியது நல்லது என்று தோன்றும். அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு அது நல்லதாக முடிந்தது. அதற்கு முன் மூன்று மாதம் நான் அந்த ரூமில் செய்தது அழிவு.

சொல்லிக்கொண்டிருக்கிறவரை நிறுத்திக் கேள்வி கேட்பேன். கேள்வி எப்போதும் சரியாக இருக்கும். கோ-டைரக்டர் ஒரு கட்டத்தில், நான் டீ வாங்கப் போகிற நேரம் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். திரும்பி வரும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டோ கலங்கிக்கொண்டோ இருப்பார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கும். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று இப்போது எழுதும்போதும் தெரிகிறது.

டீக்கடையில் வசனகர்த்தா ஒருநாள் சொன்னார்: "தம்பி, நீ கேக்கறது சரி, கேக்கற நேரம்தான் தப்பு. பூ கட்டிக்கிட்டிருக்கறவ கையிலருந்து நாரைப் பிடுங்காத. கட்டி முடிக்கட்டும். அப்புறம் முழம் போடு."

அன்றிலிருந்து ரூமில் வாயைத் திறக்காமல் கையில் ஒரு சின்ன நோட்டு. கதை சொல்லும்போது ஓடுகிற சந்தேகங்களை எழுதிக்கொள்வேன். மறுநாள் காலை, எல்லாரும் வருவதற்கு முன் கோ-டைரக்டரிடம் மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். எழுதினதில் பாதி இரவோடு இரவாக எனக்கே அற்பமாகத் தெரியும், அதை அடித்துவிடுவேன். மிச்சம் நாலோ ஐந்தோ. அவர் அந்தச் சீட்டுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்.

உங்கள் டெஸ்டிங் நண்பருக்கு முதலில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

9 ஜூன் 2023

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். "தமிழ் சினிமாவே கணக்குப்பிள்ளைகள் கட்டினதுதானே" என்று ஒருவர் பட்டியல் போட்டிருக்கிறார். பாலசந்தர் சென்னையில் ஏஜி ஆபீஸில், அதாவது அரசுக் கணக்கு அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவர் பங்கு எல்லாருக்கும் தெரியும். கிரேசி மோகன் கிண்டியில் படித்த மெக்கானிக்கல் எஞ்சினியர். மணிரத்னம் மேனேஜ்மென்ட் படித்தவர். உண்மைதான். ஆனால் இவர்கள் தலையில் இரண்டும் இருந்தது. கதை சொல்கிறவனும் சரிபார்க்கிறவனும் ஒரே உடம்புக்குள் சண்டை போட்டு சமாதானமாகி வெளியே வந்தார்கள். கேள்வி கேட்டவருடைய நண்பர் அப்படியில்லை, நானும் அப்படியில்லை. எனக்கு இன்றுவரை ஒரு காட்சியைச் சுயமாக யோசிக்க வராது. அப்படிப்பட்ட ஒருவனுக்குக் குழுவில் என்ன இடம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சத்யஜித் ராய் தன் படங்களுக்கான காட்சிப் படங்கள், உடை, குறிப்புகள் எல்லாவற்றையும் சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டுகளில் எழுதினார். வங்காளத்தில் அதற்குக் கேரோர் காத்தா என்று பெயர். கடைக்காரர்கள் வரவு செலவு எழுதுகிற கணக்கு நோட்டு அது. இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

12 ஜூன் 2023

ஒரு தோல்வி. இதை எழுதாமல் இந்த இழை முழுசாகாது.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். வடக்குப் பார்த்த பழைய வீடு, நீளத் திண்ணை, நாலு மரத்தூண். மார்கழியில் லொகேஷன் பார்த்தோம். நாள் முழுக்கத் திண்ணையில் குளிர்ந்த நிழல். அப்பாவும் மகனும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற காலைக் காட்சிக்கு அந்த நிழல்தான் வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்தார். மாசியில் மகன் சம்பந்தப்பட்ட ஷாட்களை எடுத்துவிட்டோம். அப்பாவாக நடித்தவருக்குக் கால்ஷீட் இல்லை. அவர் ஷாட்களுக்கு ஆனியில் திரும்பிப் போனோம்.

காலை 6.45. ட்ராலி போட்டாயிற்று, அப்பா மேக்கப்பில். நான் திண்ணை ஓரத்தில் நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரப் பாட்டி காபி கொண்டுவந்தார்.

"ஏன் தம்பி, இங்கியா எடுக்கப் போறீங்க? ஆனி ஆடியில காத்தால இந்தத் திண்ணையில உக்கார முடியாதேப்பா. வடக்கால ஏறி வெயில் நேரா உள்ள வரும். மார்கழி, தையில வந்திருந்தா நல்லா நெழலா இருந்திருக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் முதல் தூணின் நிழல் என் நோட்டின் மேல் சாய்வாக விழுந்திருந்தது.

உத்தராயணம், தட்சிணாயனம் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைகள்தான். மார்கழியில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே தள்ளி உதித்துத் தெற்காலேயே போகிறது. வடக்குச் சுவருக்கு நாள் முழுக்க நிழல். ஆனியில் நம் ஊரில் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. தாழ்ந்த காலை வெயில் கூரை விளிம்பான இறவாரத்துக்குக் கீழாக நுழைந்து வடக்குத் திண்ணையில் சாய்ந்து படுக்கும். ஆடிட்டர் என்று பெயர் வாங்கியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம். ஓடிப்போய், யூனிட் அத்தனை பேர் முன்னாலும், நடிகர் காதில் விழ, "சார், மேட்ச் ஆகாது சார், மாசியில எடுத்ததெல்லாம் நிழல்" என்று கத்தினேன்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "இப்பச் சொல்றியா?"

கருப்புத் துணியைக் கம்பத்தில் கட்டி வெயிலை மறைத்துப் பார்த்தார்கள். ஆனிக் காற்று. துணி பாய்மரம் மாதிரி உப்பிக் கம்பத்தோடு சாய்ந்தது. இரண்டு மணி நேரம் போயிற்று. நடிகர் தன் மனநிலையைக் கலைத்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் கேமராமேன் அண்ணன், "வெயிலோடவே எடுப்போம்" என்றார். எடுத்தார்கள். அப்பாவின் பாதி முகத்தில் வெயில், தூணின் நிழல் மார்பில் குறுக்காக.

எடிட்டிங்கில் நான் பயந்துகொண்டே போய் நின்றேன். எடிட்டர் இரண்டு பக்கத்தையும் ஒட்டி நாலு தரம் ஓட்டினார். "மேட்ச் ஆகலைதான். ஆனா பாரேன், அப்பா வெயில்ல, புள்ள நெழல்ல. ரெண்டு பேரும் பேசிக்கவே போறதில்ல. விடு." படம் பார்த்த யாரும் அதைப் பிழை என்று சொல்லவில்லை.

13 ஜூன் 2023

"அப்படியானால் உங்கள் நோட்டே தேவையில்லை என்றுதானே ஆகிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியோடு நான் பல வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

வால்டர் மர்ச் என்ற அமெரிக்க எடிட்டர், ஒரு வெட்டு எங்கே விழ வேண்டும் என்பதற்கான காரணங்களை வரிசைப்படுத்தி எண்ணே போட்டிருக்கிறார். உணர்வுக்கு 51. கதைக்கு 23. தாளத்துக்கு 10. பார்க்கிறவர் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதற்கு 7. திரைப் பரப்பின் ஒழுங்குக்கு 5. நடக்கிற இடத்தின் தொடர்ச்சிக்கு 4. கூட்டினால் 100. உணர்வுக்கு 50 போடாமல் 51 போட்டிருப்பதைக் கவனியுங்கள். மற்ற ஐந்தும் கைகோத்து வந்தாலும் 49-தான், உணர்வை வெல்ல முடியாது. அந்த ஒரு எண்ணுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். என் வேலை பெரும்பாலும் கடைசி வரியில் இருக்கிறது. முதலில் படித்தபோது அவமானமாக இருந்தது. பிறகு விடுதலையாக இருந்தது. எதற்குக் கத்த வேண்டும், எதற்குக் கத்தக் கூடாது என்று யாரோ விலைப்பட்டியல் கொடுத்த மாதிரி.

13 ஜூன் 2023, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஒன்று விட்டுப்போயிற்று. திண்ணை விஷயத்தில் நோட்டு தேவைப்பட்டது. கேமராமேன் "வெயிலோடவே எடுப்போம்" என்று சும்மா சொல்லிவிடவில்லை. அதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். "மாசியில எத்தனை ஷாட் எடுத்தோம்? ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்ல இருக்கறது ஏதாவது உண்டா?" நான் பார்த்துச் சொன்னேன்: "ஆறு ஷாட் அண்ணே. ஆறும் புள்ள தனியா. பின்னால சுவர்தான், தூண்கூட ஒண்ணுலதான் வருது." ஒரு ஷாட்டிலாவது இருவரும் சேர்ந்து நிழலில் உட்கார்ந்திருந்தால் வெயில் எடுபட்டிருக்காது, ஆறையும் திரும்ப எடுக்க வேண்டியிருந்திருக்கும். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவர் துணிந்தார்.

அதனால் நான் இப்போது இப்படி நினைக்கிறேன். "கூடாது" என்று சொல்கிறவனாக நான் அன்று காலை ஓடிவந்தேன், யாருக்கும் பயன்படவில்லை. "இதை விட்டுக்கொடுத்தால் போகிறது இவ்வளவுதான்" என்று சொன்னபோது பயன்பட்டேன். கையில் இருந்தது அதே நோட்டு.

பாட்டியை மார்கழியிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் லொகேஷன் போனால் முதல் வேலை, வீட்டில் வயதானவர்களிடம் எந்த மாதம் வெயில் எங்கே விழும் என்று கேட்பது. சூரியன் போகும் பாதையைக் காட்டுகிற ஆப் போனிலேயே வந்துவிட்டது, அதையும் பார்க்கிறேன். இறவாரம் எவ்வளவு தாழ்வு, எதிர் வீட்டு வேப்பமரம் எப்போது மறைக்கும் என்பதெல்லாம் பாட்டிகளுக்குத்தான் தெரியும்.

18 ஜூன் 2023

ஃபிலிம் காலத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். 35 எம்.எம்.மில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம், ஒரு நொடிக்கு 24. ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி கேன் பத்து நிமிடம்.

ஒரு சாவு வீட்டுக் காட்சி. மனைவி இறந்த பெரியவர், அவளுடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கூட்டில் வைத்து மூடுகிறார். ஒரே ஷாட். கேமராவில் மாட்டுகிற ஃபிலிம் பெட்டியை மேகசின் என்போம். கேமரா அசிஸ்டென்ட் அதைப் பார்த்து, "மீதி 120 அடி" என்றார். 80 நொடி. இயக்குநர், "போதும், போலாம்" என்றார். ஒத்திகையில் ஒரு நிமிடத்துக்குள்தான் வந்தது, போதும்தான்.

ஆனால் நான் மூன்று ஒத்திகைக்கும் ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்தேன். 52, 58, 67. ஒவ்வொரு முறையும் அவர் கூட்டை மூடுவதற்கு முன் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறார். அவருக்குள் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. இதை இயக்குநரிடம் போய்ச் சொன்னால் அவர் யோசிப்பார், பெரியவர் திரும்பிப் பார்ப்பார், எல்லாம் கலையும். நேராகக் கேமரா அசிஸ்டென்ட் பக்கத்தில் போய், "அண்ணே, புது மேகசின் போட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று கிசுகிசுத்தேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

டேக் 112 நொடி. 168 அடி. கூட்டை மூடப்போய், மறுபடி திறந்து, கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணில் போட்டுப் பார்த்தார் அந்த மனிதர். எழுதப்படாதது அது. பழைய மேகசினாக இருந்தால் 80-ஆவது நொடியில், அவர் கை திரும்பவும் கூட்டுக்குப் போகிற இடத்தில் ஃபிலிம் தீர்ந்திருக்கும்.

திண்ணையில் கத்தியவன்தான் இங்கே கிசுகிசுத்தது. நடுவில் நான்கு வருடம்.

19 ஜூன் 2023

திருத்தம்: 1000 அடி கேன் பத்து நிமிடம் என்று எழுதியது தவறு. 90-ஆல் வகுத்தால் 11 நிமிடத்துக்குச் சற்று மேல். ஸ்பாட்டில் கைக்காவல் வைத்துப் பத்து என்று சொல்லிப் பழகிய வாய். இரண்டு பேர் சுட்டிக்காட்டினார்கள். இந்த இழையில் நம்ம ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் என்று தெரிகிறது, மகிழ்ச்சி.

இன்னொரு திருத்தம்: பூ கட்டுகிற உவமையை வசனகர்த்தா சொன்னதாக எழுதியிருந்தேன். நேற்று அவரிடமே போனில் பேசினேன். தான் சொல்லவே இல்லை என்கிறார். யோசித்துப் பார்த்தால் காஸ்ட்யூமர் அண்ணன்தான், கையில் ஊசி நூலோடு. மனசு ஏன் அதை வசனகர்த்தாவுக்குக் கொடுத்தது என்று தெரிகிறது, நல்ல வாக்கியங்களெல்லாம் அவருடையதாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. காஸ்ட்யூமர் அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார். பெயர் அவருக்குப் போகட்டும்.

25 ஜூன் 2023

"டிஸ்கஷனில் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது என்று விதி போட்டுவிட்டால் என்ன" என்கிறார் கேள்வி கேட்டவர். அந்த விதி பழசு. அமெரிக்க விளம்பரத் துறையில் இருந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் பல தலைமுறைக்கு முன்பே போட்டது: யோசனை கொட்டும்போது விமர்சனத்தைத் தள்ளிவை. ஆனால் 2004-இல் சார்லன் நெமத்தும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் குழுக்களை வைத்துச் சோதித்தபோது, விவாதம் செய்யுங்கள், குறையும் சொல்லுங்கள் என்று விடப்பட்ட குழுக்கள் யோசனையில் பின்தங்கவில்லை. முன்னால்தான் இருந்தன.

என் அனுபவம் இரண்டுக்கும் நடுவில். வாய்க்குப் பூட்டுப் போட்டால் சரிபார்க்கிறவன் உள்ளே புழுங்கிப் பிறகு மோசமான நேரத்தில் வெடிப்பான், திண்ணையில் நான் வெடித்த மாதிரி. பூட்டே இல்லாவிட்டால் கோ-டைரக்டர் டீ நேரத்தில் கதை சொல்வார். சொல்கிற நேரம் ஒன்று, பார்க்கிற நேரம் ஒன்று, நடுவில் ஒரு ராத்திரி. எனக்கு அந்த ராத்திரிதான் வேலை செய்தது.

பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் நிறுவனத்திலும் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. எட் கேட்மல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், படம் வரைகிறவர்கள் நடுவில் பல வருடம் தலைமையில் இருந்தவர். அங்கே பிரெயின்டிரஸ்ட் என்று ஒரு கூட்டம் கூடிப் பாதி முடிந்த படத்தைப் பார்த்துக் குறைகளை ஒளிவுமறைவில்லாமல் சொல்லும். ஆனால் இயக்குநருக்கு உத்தரவு போட அதற்கு அதிகாரம் கிடையாது. கேட்டுவிட்டு அவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது. முடிவு நம் கையில் இல்லை என்று தெரிந்தால் பயமில்லாமல் உண்மையைச் சொல்லலாம். அந்த வளைகாப்பை நான் முடிவு செய்திருந்தால் பங்குனி என்று மாற்றியிருப்பேன். மாமியாரின் கட்டைவிரல் பிறந்திருக்காது.

2 ஜூலை 2023

கேள்வி கேட்டவரிடமிருந்து தகவல். நண்பருக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தார்களாம். முதல் வாரம் கோபித்துக்கொண்டு எழுதவே இல்லை. இரண்டாவது வாரம் 31 கேள்விகளோடு வந்தார். அதில் ஒன்று: "இந்த அக்கா படம் முழுக்க யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, வேணும்னே வெச்சதா?" எழுதியவருக்கே அது தெரியாதாம். இப்போது படத்தின் கடைசியில் ஒரே ஒரு முறை கூப்பிடப் போகிறாள். முப்பத்தொன்றில் ஒன்று. கைதட்டத் தோன்றியது.

நோட்டில் என்னென்ன பத்தி போடுவது என்று அவர் என்னிடம் கேட்கச் சொன்னாராம். சீன் எண், ஷாட் எண், டேக், லென்ஸ், உடை, கை, கடைசி வார்த்தை, வெயில். "கை" அகலமாக இருக்கட்டும், எந்தக் கையில் என்ன, எத்தனை விரல் கடை என்பதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும். "வெயில்" என்ற பத்தி எந்த அச்சடித்த ஷீட்டிலும் இருக்காது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பென்சில் வேண்டாம், வியர்வையில் அழியும். பால்பாயிண்ட்.